குரல் ஏறாத டிவிடி

எலும்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நோயாளிகள் போய்ச் சேருவது மருத்துவமனையின் பின்பக்கத்து அறைக்குத்தான். அங்கே இருந்தவளை எல்லோரும் 'கைகால் டாக்டர்' என்றார்கள். அவள் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். முடங்கிய தோளையும் மடங்காத முழங்காலையும் வழிக்குக் கொண்டுவருவதில் கைராசிக்காரி. வாய்தான் கொஞ்சம் காரம். சொன்னதைச் செய்யாமல் வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

தினமும் வர முடியாதவர்களுக்குப் பயிற்சிகளை டிவிடியில் போட்டுக் கொடுக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புருஷனையே நிற்க வைத்துப் படம் பிடித்தாள். கிளம்பிவிட்ட பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறவர் மாதிரி அவர் கையைத் தூக்கினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். எவ்வளவு தூக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும், எந்த மாதிரி வலி வந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். படத்தைக் காட்டிலும் அந்தப் பேச்சுதான் முக்கியம்.

டிவிடியாக எழுதும்போது கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை காட்டியது. ஒலி எம்பி3 வடிவத்தில் இருக்கிறது, வீட்டு டிவிடி பிளேயர்களில் கேட்காமல் போகலாம், மாற்றட்டுமா என்று கேட்டது. மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து ஓட வேண்டும். அவளுக்கு அலுப்பு. வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். அதே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது குரல் கணீரென்று கேட்டது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

டிவிடி வாங்கிப் போனவர்களில் ஒரு பெயிண்டரும் உண்டு. தோள் இறுகிப்போய்ப் பிரஷ் பிடிக்க முடியாமல் வந்தவர். சில வாரம் கழித்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி திரும்பி வந்தார். தொட்டாலே முகம் சுருங்கியது. கையை எவ்வளவு தூக்கினீர்கள் என்று கேட்டாள். உச்சி வரைக்கும், போகாதபோது இன்னொரு கையால் இழுத்து, என்றார். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"குத்துற மாதிரி வலிச்சா நிறுத்துங்கன்னு ஒரு தடவையா சொல்லியிருக்கேன்? எதையும் காதுலயே வாங்க மாட்டீங்களா அண்ணே?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா" என்றார்.

ஸ்கேனில் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. அடுத்த முறை அவர் வரவில்லை. கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோமோ என்ற உறுத்தலில் அவள் முகவரி விசாரித்து அவர் வீட்டுக்கே போனாள். பெயிண்டரின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எப்படிச் செய்தார் என்று பார்க்கிறேன், அந்த டிவிடியைப் போடுங்கள் என்றாள் இவள்.

திரையில் அவளுடைய புருஷனின் கை மேலே போனது, கீழே வந்தது. குரல் இல்லை. ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுக்க ஏற்றினாள். அப்போதும் இல்லை. அதை எடுத்துவிட்டு அங்கே கிடந்த ஒரு சினிமா டிவிடியைப் போட்டாள். ஏற்றி வைத்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

"இது பேசலைன்னு ஏன் அண்ணே அன்னைக்கே சொல்லல?"

"ஆஸ்பத்திரியில குடுத்தது, இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். படத்துல சார் கை உச்சி வரைக்கும் போச்சு, நானும் போகணும்போலன்னு செஞ்சேன். அப்புறம் நீங்க சொல்லியிருக்கேன்னு சொன்னீங்க. சரி, எனக்குத்தான் கேக்கலபோலன்னு விட்டுட்டேன்."

சில பிளேயர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அது பொய்யும் இல்லை. அவள் அப்படித்தான் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் முன்னாடியே எச்சரிச்சது அண்ணே. நேரமாகுமேன்னு நான்தான் கண்டுக்கல."

பெயிண்டரின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். பெயிண்டர் தன் கையைப் பார்த்தார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

அவள் ஒலியை, பிளேயர்கள் ஏற்கும் ஏசி3 வடிவத்துக்கு மாற்றினாள். பக்கத்து வீட்டுப் பிளேயரில் போட்டுக் கேட்டபிறகே பழைய டிவிடிகளை வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்தாள். ஒரு முழங்கால்காரர் மட்டும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சோம்பேறியைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பெயிண்டர் மறுபடி வந்த அன்று, அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, தப்பு தன்மேல்தான் என்று அவரிடம் உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

ஆபரேஷனுக்கும் மாதக்கணக்கான பயிற்சிக்கும் பிறகு கை தோள் மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கதவு, ஜன்னல், கிராதி என்று கைக்கு எட்டுகிற வேலைகளை அவர் எடுத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வண்ணம் பூசுகிற வேலையும் அவருக்கே கிடைத்தது. பின்பக்கத்து அறைச் சுவரில் தோள் உயரம் வரை பூசி முடித்துவிட்டு, நிறம் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் கேட்டார்.

"நல்லா இருக்கு அண்ணே" என்றாள். மேலே யார் பூசுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவருடைய மச்சான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.