உள்ளே விடாத திரை

அந்த வெள்ளிக்கிழமை காலை கடவுச்சொல்லை எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அடித்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். பிறகு அதே நீலத் திரை, அதே வெற்றுப் பெட்டி. கடவுச்சொல் பிழையென்றால் பிழை என்று சொல்லும். இது சரியென்று வாங்கிக்கொண்டு உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது.

திருகோணமலைத் துறைமுக வளவுக்குள், ஒரு கப்பல் முகவரின் சின்ன அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருக்கிறேன். குடாவில் நங்கூரமிடும் கப்பல்களுக்குக் கடிதங்கள் தயாரிப்பது என் வேலை. அலுவலகத்தில் ஒரேயொரு கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளம்.

எனக்கு எதிரே ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி, கால்களுக்கிடையில் பையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தகப்பன் இறந்த செய்தி முதல் நாள்தான் கப்பலுக்கு வந்திருந்தது. இரவு கொழும்பிலிருந்து விமானம். குடிவரவு அதிகாரிக்கு எங்கள் கடிதம் போனால்தான் அவர் துறைமுகத்தை விட்டு வெளியேறலாம். அதுவரை எங்கள் வாசலைத் தாண்டவும் அவருக்கு அனுமதி இல்லை. கடிதம், கடவுச்சீட்டுப் பிரதி, மாலுமிப் பட்டியல் எல்லாம் அந்தக் கணினிக்குள் இருந்தன.

முதலாளி என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன நடந்தது?"

"உள்ளுக்குப் போகுதில்லை சேர். நேற்றுக் கரண்ட் போய் வந்தது, அதாலயா இருக்கும்."

கரண்ட் போய் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்திருந்தேன். திரையில் எழுத்துகள் பெரிதாகத் தெரிந்ததால், இணையத்தில் யாரோ எழுதியிருந்த ஒரு கட்டளையை, கணினி நிர்வாகியின் அதிகாரத்தோடு அப்படியே அடித்துப் பார்த்தேன். கணினியில் கை வைக்கக்கூடாது என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கணினியைப் பொருத்தித் தந்தவர் கிண்ணியாவில் பாடசாலையொன்றில் கணினி படிப்பிக்கும் டீச்சர். தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்ன மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் படங்களெல்லாம் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன. அங்கே அதே கடவுச்சொல் வேலை செய்தது.

"நேற்று ஏதும் மாத்தினீங்களா?"

"இல்ல டீச்சர்."

அந்த ஒரு பதிலால் ஒரு மணித்தியாலம் போனது. வட்டில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார், இடம் இருந்தது. திரையை இயக்கும் மென்பொருளை மீண்டும் நிறுவச் சொன்னார், நிறுவினேன். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடியும் நீலத் திரை. கறுப்புத் திரையில் கோப்புகளின் பட்டியலை எடுத்தபோது என் கடிதத்தின் பெயரும் அதில் தெரிந்தது. அந்தத் திரையிலிருந்து அதைத் திறந்து அச்செடுக்க எனக்குத் தெரியாது.

மாலுமி ஒருமுறை மட்டும், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொஞ்ச நேரம் என்றேன். அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"இனிப் போனில ஏலாது," என்றார் டீச்சர். "நாளைக்கு நான் வந்து பாக்கிறன்."

முதலாளி கைகட்டி நின்றார். எழுந்து தேநீர் போடும் குசினிப் பக்கம் போய் டீச்சரிடம் மட்டும் மெல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் கட்டளை அடிக்க நான் விசைப்பலகைக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

"டீச்சர், நேற்று நான் ஒரு கட்டளை அடிச்சனான்," என்றேன், முதலாளிக்கும் கேட்கும்படியாக.

டீச்சர் கேட்டார், "நிர்வாகியாவா அடிச்சீங்க?"

"ஓம்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. உங்கட பேரில இருக்கவேண்டிய ஒரு கோப்பு நிர்வாகிட பேருக்கு மாறியிருக்கும். அதுதான் உங்கள உள்ளுக்கு விடுதில்ல."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒரே வரி. அந்தக் கோப்பை என் பெயருக்கு மாற்றிவிட்டு நீலத் திரைக்கு வந்து கடவுச்சொல்லை அடித்தேன். திரை கறுத்தது. பிறகு என் கோப்புறைகள் ஒவ்வொன்றாக வந்தன.

கடிதத்தோடு ஓடியபோது குடிவரவு அதிகாரி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வந்து கையெழுத்திட்டார். மாலுமி கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் ஏறுமுன் என்னிடம் வந்து நன்றி சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளி அன்று ஏசவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போது, "பிழை விட்டா விட்டதெண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்," என்றார்.

சில நாட்களில் கப்பல் தலைவனிடமிருந்து செய்தி வந்தது. மாலுமி விமானத்தைப் பிடித்துவிட்டார், ஆனால் வீடு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவரை நேரத்தோடு விட்டிருந்தால் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று முதலாளியைக் கேட்டேன்.

"எப்ப விட்டாலும் அதே பிளைட்தானே," என்றார்.

அது உண்மைதான். ஆனாலும் முகம் தெரியாத அந்தத் தகப்பனை நினைத்து அன்று என்னால் மதியச் சோறு சாப்பிட முடியவில்லை.