முன்வாசல், பின்வாசல்

மட்டாஞ்சேரியில் பேருந்தின் முன்வாசல் வழியாக இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன். பின்வாசலில் அப்பா இறங்கவில்லை. நான் கத்துவதற்குள் பேருந்து கிளம்பிவிடுகிறது.

இங்கே பெண்கள் முன்னால் ஏறுகிறார்கள், ஆண்கள் பின்னால். தோப்பும்படியில் அப்படித்தான் பிரிந்து ஏறினோம். அப்பாவுக்குக் காது மந்தம். தொலைத்துவிடுவார் என்று அவரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்ட கைபேசி என் பையில் இருக்கிறது.

“அப்பா பஸ்லயே போயிட்டாரு” என்று கத்திக்கொண்டே, சுக்கு மூட்டை ஏற்றும் லாரியைச் சுற்றி ஓடி ஓர் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறேன். சாயாக்கடைப் பெண் தமிழிலேயே கூப்பிட்டுத் தடுக்கிறாள்.

“ஓட்டோ வேண்டாம் சேச்சி. நீங்க அங்க போறப்போ அப்பா இங்க வந்து நிப்பாரு. பஸ் கடைசி ஸ்டாப் போயிட்டு இதே வழிதான் வரும்.”

“அங்கேயே எறங்கிட்டார்னா?”

“மகளக் காணாம எப்படி எறங்குவாரு? எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க.”

நிற்கிறேன். அவள் கொடுத்த சாயா கையிலேயே ஆறுகிறது. இரண்டு பேருந்துகள் வந்து போகின்றன. நாங்கள் வந்த பேருந்தின் பெயரைக்கூட நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது வந்து நிற்கிறது. பின்வாசலுக்கு ஓடுகிறேன். நான்கு ஆண்கள் இறங்குகிறார்கள். அப்பா இல்லை.

முன்பக்கம் பெண்களின் சத்தம் கேட்கிறது. இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அப்பா முன்வாசலில் இறங்குகிறார். என்னைத் தேடிப் பெண்கள் பக்கம் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார்.

“எறங்கும்போது சொல்ல மாட்டியா?” என்கிறார் அப்பா.

நான் வாய் திறப்பதற்குள் என் பையைத் திறந்து, தன் கைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.