ஏழு மைல் பஸ்ஸும் ஒரு பச்சைக் காரும்

பெரிய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விலையைக் கேட்பார்கள், நம்மவர்கள் மட்டும் கதவைத் திறப்பதற்கு முன்பே "எவ்வளவு குடுக்கும்?" என்பார்கள். எதைக் கொடுக்கும் என்று கேட்டவனை நான் பார்த்ததில்லை. மைலேஜ்தான், வேறென்ன. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லியே வயிறு வளர்த்த என் சக பாவிகளே, அந்த ஒரு கேள்விக்கு ஏழெட்டு வருடம் பதில் சொன்னவன் நான். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நான் வேலை பார்த்தது மோட்டார்ஹோம் விற்கும் இடத்தில். நம் ஊர் ஆம்னி பஸ் அளவுக்கு டீசல் வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. அதன் பின்னால் ஒரு இரும்புக் கம்பியில் சின்ன கார் ஒன்றை மாட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவார்கள். போன ஊரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு காரில் ஊர் சுற்றலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், டீசல் போடுகிற வரைக்கும்.

நீயே பதில் சொல்

2001-ல் மில்பிடாஸ் என்ற ஊரில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை போனது. ஒரு வெள்ளிக்கிழமை அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் மனைவி நஸீமாவுக்கு ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட் வேலை கிடைத்ததால் பக்கத்தில் பேர்லேண்டுக்குக் குடிவந்தோம். அவள் வேலைக்குப் போவாள், நான் வீட்டில் சாம்பார் வைப்பேன். என் சாம்பாரைச் சாப்பிட்ட பிறகு அவளே எனக்கு மும்முரமாக வேலை தேட ஆரம்பித்தாள்.

ஃப்ரீவே ஓரமாக அந்த மோட்டார்ஹோம் கடை இருந்தது. முதலாளி எர்ல், ஆறடி மூன்றங்குலம், பேச்சு மட்டும் குறைவு. வேலை கேட்கப் போனவன் பழக்க தோஷத்தில், வாசலில் நின்ற நாற்பதடி வண்டியைக் காட்டி, "இது கேலனுக்கு எத்தனை மைல் ஓடும்?" என்று கேட்டுவிட்டேன். எர்ல் என்னை மேலும் கீழும் பார்த்தார். தினமும் பாதிப் பொழுது இதே புகாருக்குப் பதில் சொல்லியே போகிறது என்று அலுத்துக்கொண்டார். நான் சாஃப்ட்வேருக்கு முன்னால் மெக்கானிகல் படித்தவன் என்று சொன்னதும், ஒரு பழுப்புச் சட்டையை எடுத்து என் மேல் போட்டார். "நாளையிலிருந்து அந்தக் கேள்விக்கு நீயே பதில் சொல்," என்றார்.

நூறு கேலன் வீட்டுத் தண்ணீர்

என் வேலை இதுதான். மைலேஜ் வரவில்லை என்று யார் வந்தாலும் அவரையும் ஏற்றிக்கொண்டு நூறு மைல் போய்வர வேண்டும். புறப்படும்போதும் திரும்பியபோதும் அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். பம்ப் ஒரு முறை நின்ற பிறகு, நுரை அடங்கும்வரை காத்திருந்து இரண்டாவது முறை நிற்கும்வரை டீசல் போட வேண்டும். கடற்கரைப் பக்கம் போய்த் திரும்புவோம். போகும்போது எதிர்காற்று பேயாய் அடிக்கும். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். கணக்கு நேராகிவிடும்.

ஜாபர் பாய் என்று ஒருவர். தொழுகையில் எனக்குப் பக்கத்து வரிசை. வண்டி வாங்கி ஒரே மாதத்தில், ஆறு மைல்கூட வரவில்லை என்று வந்து நின்றார். பின்னால் இழுத்த காரைத் திறந்தேன். நாலு மூட்டை பாஸ்மதி, கிரைண்டர், பிரியாணி தேக்சா இரண்டு. பஸ்ஸுக்கு அடியில் இருந்த தண்ணீர் டாங்க் நூறு கேலனும் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. போகிற ஊரிலெல்லாம் குழாய் இருக்கிறதே பாய், எதற்கு இத்தனை தண்ணீரைச் சுமக்கிறீர்கள் என்றேன். வெளியூர்த் தண்ணீர் சேராதாம். வீட்டிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். ஆளுக்கு ஒரு பக்கம் தம் பிடித்து மூட்டையை இறக்கினோம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற அவர் மனைவி சொன்னார்: "தண்ணி இருக்கட்டும் பஷீர் பாய், வெயிட்டு குறையணும்னா முதல்ல இவரை இறக்குங்க."

அது என் கார்

இனி நான் சொல்லப்போவதெல்லாம் வேணு அங்கிள், விமலா ஆன்ட்டி பற்றித்தான். அந்தக் கடையை நினைத்தாலே எனக்கு இவர்கள் முகம்தான் வருகிறது.

வேணு அங்கிள் ரிட்டயர் ஆன குழந்தை டாக்டர். விமலா ஆன்ட்டி ஒரு லேபில் கெமிஸ்டாக இருந்தவர். 2005-ல் எங்களிடம் நாற்பதடி பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கினார்கள். காரணம் அவர்கள் மகள். அவள் நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் புதிதாக வீடு வாங்கியிருந்தாள். ஆன்ட்டிக்குக் காதில் ஒரு ஆபரேஷன் ஆனதிலிருந்து விமானம் ஏறக் கூடாது. நாள் கணக்காகக் காரில் உட்கார்ந்து போவது அங்கிளின் இடுப்புக்கு ஆகாது. ஆகவே வீட்டையே ஓட்டிக்கொண்டு போய் மகள் வீட்டு வாசலில் நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆன்ட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவருடைய பச்சை நிறச் சின்ன கார் பின்னால் வர வேண்டும். கொத்தமல்லி வாங்கக்கூட அங்கிளைக் கெஞ்சி, பஸ்ஸைக் கிளப்பி, ஊரைக் கூட்டிக்கொண்டு போக அவர் தயாராக இல்லை. அங்கிளுக்கோ அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மாதம் ஒரு முறை கடைக்கு வந்து, குழந்தையின் ஜுரத்தைச் சொல்வது மாதிரி கவலையோடு "ஆறு புள்ளி ஏழு" என்பார். கார்தான் டீசலைக் குடிக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் பத்து கொடுக்கும் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டை தீர்ந்தால்தான் பயணம். ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பஷீர், கார் வந்தா நான் வருவேன். கார் வரலைன்னா அவரும் அவர் பத்து மைலும் போயிட்டு வரட்டும்."

நிபுணர் செய்த வேலை

காரோடு ஒரு முறை, கார் இல்லாமல் ஒரு முறை நூறு மைல் ஓட்டிக் காட்டுவது என்று முடிவானது. இருவரையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். முதலில் காரோடு. டாஷ்போர்டில் மைலேஜ் எண் ஐந்துக்கு மேல் ஏறவே இல்லை. அங்கிள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். ஜெயித்துவிட்டார். "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல," என்று முன் சீட்டில் உட்கார்ந்து தாளம் போட்டார். ஆன்ட்டியோ ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் போய்ப் பார்த்தால் காரின் பின் சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடு. ஹேண்ட்பிரேக் இரண்டு பல் ஏறியே இருந்திருக்கிறது. காரை மாட்டியவன் நான். கம்பி, சங்கிலி, விளக்கு எல்லாம் இரண்டு தரம் சோதித்தவன் இதை விட்டுவிட்டேன். எனக்கு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. பிரேக்கை என் செலவில் மாற்றி, அடுத்த வாரம் மறுபடி ஓட்டினோம். இரண்டு ஓட்டத்திலும் மணிக்கு அறுபதைத் தாண்டவில்லை. காரோடு எட்டு, கார் இல்லாமல் எட்டரை. வித்தியாசம் அரை மைல்தான். அங்கிளுக்கு மட்டும் ஏன் ஆறு புள்ளி ஏழு என்று நான் கேட்டிருக்க வேண்டும். போன வாரத்து மானக்கேட்டில் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. அங்கிள் அந்த எண்களை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, "உங்க பம்ப்பு சரியில்ல தம்பி," என்றார்.

இறக்கத்தில் நியூட்ரல்

2007-ல் மகளுக்குக் குழந்தை பிறந்தது. இனி தள்ளிப்போட முடியாது என்று, பெரிய பயணத்துக்கு ஒத்திகையாக ஆஸ்டினுக்கு மேற்கே மலைப் பக்கம் போனார்கள். மதியம் மூன்று மணிக்கு ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார்.  சக்கரமெல்லாம் புகை, சாலை ஓரமாக நிற்கிறோம் என்றார்.

என்ன நடந்தது என்றால், சென்னையில் பழைய ஃபியட் ஓட்டிய காலத்துப் பழக்கம் அங்கிளுக்கு. இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு உருட்டுவது. நம்மில் யார் செய்யவில்லை? என் அத்தா பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டரை ஆஃப் செய்தே ஓட்டுவார். ஆனால் இந்த டீசல் இன்ஜின் கியரில் இருந்தபடி காலை எடுத்தாலே இறக்கத்தில் டீசலைத் தொடாது. நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்குக் குடிக்கும். அதோடு இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் செய்யாது. பதினான்கு டன்னையும் பின்னால் ஒரு காரையும் பிரேக் மட்டும் பிடித்திருக்கிறது. இறக்கம் முடிந்து சமதளம் வந்ததால் பிழைத்தார்கள்.

பிரேக் குளிர்ந்த பிறகு நானே போய் வண்டியை ஓட்டிவந்தேன். வழியெல்லாம் ஆன்ட்டி திட்டிக்கொண்டே வந்தார். "செங்குத்து இறக்கம், கியரைக் குறைன்னு மஞ்சள் போர்டு அவ்ளோ பெருசா இருந்துச்சு, அதுகூட கண்ணுல படலையா?" அங்கிள் என் பக்கம் சாய்ந்து, என்னிடம் மட்டும் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "போர்டே தெரியல தம்பி. கொஞ்ச நாளாவே நடுவுல ஒண்ணும் தெரியறதில்ல."

பள்ளிவாசல் மைதானம்

பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது என்று கண்டுபிடித்த கண் டாக்டர் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். 2008-ல் டீசல் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் கடை வாசலில் விற்க வந்த வண்டிகள்தான் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் இவர்களுடையதும் வந்து சேர்ந்தது. அங்கிள் சாவியை என் மேசையில் வைத்தார். கார் குடித்தது, பம்ப் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்னோடு சண்டை போடாதது எனக்கு என்னவோ போல் இருந்தது. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். பாட்டியும் தாத்தாவும் அதைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்கள்.

ஆன்ட்டி அந்தச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இதுக்குத் தனி லைசன்ஸ் எங்கே எழுதணும் பஷீர்?" என்றார். அங்கிள் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன். அறுபத்து மூன்று வயது, ஐந்தடி உயரம், கொத்தமல்லி வாங்கப் போகும் கார்தான் அவர் ஓட்டியதில் பெரிய வண்டி. ஆனால் வார நாட்களில் எங்கள் பள்ளிவாசல் பார்க்கிங் மைதானம் காலியாகக் கிடக்கும். அனுமதி கேட்டு வாங்கினேன். ஆறு வாரம். வளைவில் பின் சக்கரம் எங்கே வரும் என்பதை, லேபில் சொட்டுச் சொட்டாக அளக்கிறவர் மாதிரி பொறுமையாகக் கற்றுக்கொண்டார். அங்கிள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெரிந்ததும் தெரியாததுமாகப் பார்த்து, "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துவார். லைசன்ஸ் டெஸ்டில் முதல் தடவையே பாஸ்.

புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒரு நூறு மைல். ஆன்ட்டி ஓட்டினார், காரோடு. ஐம்பத்தைந்துக்கு மேல் மிதிக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வந்து டீசல் போட்டு எண்ணைச் சத்தமாகப் படித்தேன்: எட்டு புள்ளி ஒன்பது. அங்கிள் ஓட்டியபோது வந்தது ஆறு புள்ளி ஏழு. நெடுஞ்சாலையில் எழுபத்தைந்தில் பறப்பவர் அவர். எர்ல் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமும் நீ தப்பான சாமானைக் கழற்றி டெஸ்ட் பண்ணியிருக்கே."

கடைசி ஆறு மைல்

புறப்பட்ட எட்டாவது நாள் அங்கிள் கடைக்குப் போன் செய்தார். பிஸ்கட்டவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் மகள் வீட்டுத் தெரு குறுகல், இருபக்கமும் கார்கள், மேலே மரக்கிளைகள். மூன்று வருடம் கனவு கண்ட அந்த பஸ் வாசலுக்குப் போகவில்லை. ஆறு மைல் தள்ளி ஒரு பெரிய மைதானத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். பச்சைக் காரைக் கழற்றி, ஆன்ட்டி ஓட்ட, அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறார்கள்.

குழந்தை சத்தம் போனில் கேட்டது. அங்கிள் மடியில் இருந்தது போலிருக்கிறது. முகம் தெரிகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரே சொன்னார். ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிறதாம். பிறகு, "தம்பி, அந்தக் கார் மட்டும் வரலைன்னா நான் வாசல் வரைக்கும் வந்திருக்க மாட்டேன்," என்றார்.

அடுத்த வருடம் கடை மூடியது, நான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், பழுப்புச் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஏழெட்டு வருடம் நூறு நூறு மைலாக ஓட்டி நான் கண்டுபிடித்ததெல்லாம், எந்த வண்டியிலும் அதிகம் குடிப்பது பின்னால் வருகிற கார் அல்ல, முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் கால்தான் என்பது மட்டுமே.