மாமனாரை இறக்கிவிட்ட பரிசோதகர்

அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்தவர்கள் அந்த ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வந்தவர்கள். அவர் டிக்கெட் பரிசோதகர். அந்தக் காலத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போவது லேசுப்பட்ட காரியமில்லை. நிலைய வாசலில் ஒருவர் வாங்கிப் பார்ப்பார், வண்டிக்குள் ஒருவர் ஓட்டை போடுவார், இறங்கும் இடத்தில் இன்னொருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் கண்ணில் மண்ணைத் தூவியவர்கள் உண்டு. கழுகிடம் அது பலித்ததில்லை. கழிப்பறைக்குள் ஒளிந்தால், கதவை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து பொறுமையாக நிற்பார். குரலை உயர்த்தவே மாட்டார். ஜனங்களுக்கு அதுதான் பயம்.

கல்யாணமான மறுவருடம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க மாமனார் கிளம்பினார். அவர் தையற்காரர். தன் கையால் தைத்த குட்டிச் சட்டைகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு, நகரத் தொடங்கிய வண்டியில் வாசலில் டிக்கெட் பார்ப்பவரையும் தாண்டி ஓடிவந்து ஏறினார். அந்தப் பெட்டிக்குப் பரிசோதனைக்கு வந்தவர் மாப்பிள்ளைதான்.

"மாமா, டிக்கெட்?"

"வாங்க நேரமில்ல மாப்பிள்ளை. நம்ம வண்டிதானேன்னு ஏறிட்டேன்."

பெட்டி முழுக்க இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அபராதம் கட்டணும் மாமா. இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, டிக்கெட் எடுத்துக்கிட்டு வேற வண்டியில வாங்க."

மாமனார் அடுத்த ஸ்டேஷனில் பையோடு இறங்கினார். சாயங்காலம் வீடு வந்து பேத்தியைக் கொஞ்சினார். மாப்பிள்ளையோடு மட்டும் பேசவில்லை. அன்றிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான்.

"உன் புருஷன் சாப்பிட்டாரா?"

"உங்கப்பாவுக்கு வெந்நீர் வேணுமான்னு கேளு."

இதெல்லாம் ஒரே கூடத்தில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. மாமியார் காலமாகி, மாமனார் மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும் அதே கதைதான். "நான் என்ன தந்திக்கம்பியா?" என்று மகள் அலுத்துக்கொள்வாள்.

கழுகும் ஓய்வு பெற்றார். மாமனாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரிக்கப் போகவேண்டிய நாளில் மகளுக்கு முழங்கால் வலி. வேறு வழியில்லாமல் ஆண்கள் இருவரும் ரயிலேறினார்கள்.

நிலைய வாசலில் ஆளே இல்லை. ஓர் இயந்திரம் நின்றது. பிள்ளைகள் போனைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். வண்டிக்குள்ளும் யாரும் வரவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு, டிக்கெட்டை இரண்டு விரலால் இறுகப் பிடித்தபடி மாமனார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உடன் வராததை அப்போதுதான் உணர்ந்தவர்போல நேராக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்பிள்ளை, யாரும் பாக்க வரமாட்டாங்களா?"

கழுகும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இப்பல்லாம் எப்பவாவதுதான் வர்றாங்க மாமா."

"இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன். நீங்களாவது பாத்துடுங்க."

கழுகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். "சரியா இருக்கு மாமா." அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னைக்கு உங்களை இறக்கிவிட்டுட்டு கதவுகிட்டயே நின்னேன். நீங்க கண்ணுக்கு மறையற வரைக்கும்."

"பாத்தேனே. ஊரே வேடிக்கை பாக்குறப்ப நீங்க வேற என்ன பண்ணமுடியும்? அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா பேசல?"

மாமனார் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "முதல்ல கோவம். கோவம் போனதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் மாமனார் முதலில் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். "உங்களுக்கு இவ்வளவு நரைச்சுப்போச்சா?" என்று கவலையோடு கேட்டார்.

திரும்பும்போது நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, ஏறவேண்டிய வண்டியை இருவரும் தவறவிட்டார்கள்.