எங்களது இல்லை என்று அப்பா சொன்ன மோதிரம்

காவல் நிலைய மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மோதிரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் இறந்தவர்களின் விரல்களிலிருந்து உருவியவை. தாம்பரத்தில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குக் காவலாக இருந்தவன் செய்த வேலை. பெரியவர் சிறியவர் எல்லாரும் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். இப்போது அந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது.

அம்மா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டித்தான் பெட்டியில் கிடத்தினோம். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன், சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்கலாம் என்றாள் அத்தை. "வேணாம், அது அவளோடவே போகட்டும்" என்றார் அப்பா, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. மண்வெட்டியோடு பக்கத்தில் நின்ற அந்தக் காவல்காரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன நடிப்பு! கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போவதற்குள் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பான். "அம்மா நிம்மதியா தூங்கிக்கினு கீறாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்பான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணி முதலில் அவனுக்குத்தான் போகும்.

நான் கல்லூரி முடித்த வருடம், தோட்டத்தை ஒட்டித் தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மாவைத் தலையணையால் அமுக்கிக் கொன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். அப்போதுதான் பிடிபட்டான். அவன் அறையில் மோதிரங்கள் மட்டுமா இருந்தன? ஜன்னல் திரை, பட்டுச் சேலைகளைக் கிழித்துத் தைத்தது. அலமாரிக் கதவில் சவப்பெட்டிக் கைப்பிடிகள். இத்தனைக்கும் நடுவில் படுத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான், பாவி.

மேசையில் அம்மாவின் மோதிரத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கிணற்று உருளையில் மாட்டி ஒரு பக்கம் நசுங்கியது. அப்பா அதைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், "எங்களது இல்ல சார்" என்று வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க? அது அம்மாவோடது!"

"ஆமான்னு சொன்னா தோண்டிப் பாப்பாங்கம்மா. உள்ள எப்படிக் கிடக்கிறாளோ, இருக்காளோ இல்லையோ. என்னால பாக்க முடியாது."

போதகர் வீட்டுக்கு வந்து, மன்னிக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் போனார். அவர் மனைவி உயிரோடு இருந்தார், சொல்வது சுலபம். நான் மன்னிக்கவில்லை. அவன் சிறையில் செத்தான் என்று கேள்விப்பட்ட அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்களில் கணவன் மனைவிக்கு ஒரே கல்லறை. பிறகு இறப்பவருக்காக அதே குழியைத் திறந்து, எலும்புகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மேலே வைப்பார்கள். கல்லில் அம்மாவின் பெயருக்குக் கீழே தன் பெயருக்கென்று அப்பா இடம் விட்டிருந்தார். போன வருடம் படுக்கையில் விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அங்க வைக்காதம்மா. அதத் திறக்கவே கூடாது" என்றார். படப்பைப் பக்கம் வேறொரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஏன் இப்படிப் பிரித்து வைத்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இடமில்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பொய் இப்போது என்னுடையது.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு இடத்துக்கும் போகிறேன். படப்பையில் உட்கார்ந்து அழ முடிகிறது. தாம்பரத்தில், கீழே அம்மா இருக்கிறாளா என்று தெரியாமல், மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன்.