சவரிமுத்து சண்டைக்குப் போகிறார்

காலைக் காப்பி முடிந்ததும் சவரிமுத்து சண்டைக்குக் கிளம்புவார். வெறும் உடம்போடு போகமாட்டார். பெண்பிள்ளையிடம் சண்டை போடச் சட்டை வேண்டும் என்பது எழுபதைத் தாண்டிய அவருடைய கட்சி. எல்லாப் பொத்தான்களையும் போட்டு, தலையை வாரி, கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை முறைத்துப் பார்ப்பார். முறைப்பு சரியாக வராது. வந்தவரை போதும் என்று துடைப்பத்தோடு வாசலில் இறங்கி, வடக்குப் பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமுவார்.

வடக்கு வீடு ரம்ஜான் பீவியுடையது. மகன் உபைத் குவைத்தில் இருக்கிறான், பீவியம்மாள் தனியாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. மரக்காணத்தில் கடலுக்கு இத்தனை பக்கத்தில் வீடு கட்டினால், சாயங்காலக் காற்று தினமும் வாசல் நிறைய மணலைக் கொட்டிவிட்டுப் போகும். பீவியம்மாள் அதைத் தெற்கே தள்ளுவார். சவரிமுத்துவின் மனைவி இன்னாசிமேரி வடக்கே தள்ளுவார். முப்பது வருஷமாக ஒரே மணல்தான் இரண்டு வாசலுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு சண்டையும்.

"கடலு கொண்டாந்து கொட்டுது, நான் இன்னா பண்றது?" என்பார் பீவியம்மாள்.

"கடலு உன் ஊட்டு வாசல்லதான கொட்டுச்சு? என் ஊட்டுக்கு ஏன் தள்ற? மூஞ்சப் பாரு, மழையில நனைஞ்ச உப்பு மூட்ட மாதிரி" என்பார் இன்னாசிமேரி.

சவரிமுத்துவுக்கு இதில் பங்கு இருந்ததில்லை. உப்பு லாரி ஓட்டியவர். உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப நாளாகும். பேச வேண்டிய இடத்தில் ஹாரன் அடித்தே காலம் தள்ளியவர். இப்போதும் தெருமுனையில் நடந்து திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார், பின்னால் வருவது ஆடாக இருந்தாலும்.

போன வருஷம் மே மாதம் இன்னாசிமேரி இறந்துபோனார். உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், வாசலில் மணல் குவிந்து கிடந்தது. சவரிமுத்து அதை வடக்கே தள்ளினார். பீவியம்மாள் இடுப்பில் கைவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டிரைவரண்ணே, ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"இன்னா கேக்கறதுங்க?"

"மேரி கேக்குமே."

சவரிமுத்து யோசித்தார். மாத்திரைகளைக் குப்பையில் போட்டாயிற்று. சேலைகளைக் கோயில் பெண்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேரி விட்டுப்போனதில் பாக்கி இருந்தது இந்தச் சண்டை ஒன்றுதான்.

"ஏங்க, இது நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

"இது சண்டையாண்ணே? கரண்ட் ஆபீஸ்ல மனு குடுக்கற மாதிரி கேக்கறீங்க" என்றார் பீவியம்மாள். ஆனாலும் பதில் சொல்லாமல் உள்ளே போகவில்லை.

அன்று பிடித்தது இந்தத் தினசரிச் சண்டை. சவரிமுத்துவிடம் வசவுக்குத்தான் பஞ்சம். டீக்கடை பலராமனிடம் நாலு நல்ல வசவாகக் கேட்டார். அவனும் சந்தோஷமாகச் சொன்னான். அவற்றைப் பெண்பிள்ளையிடம் சொல்ல முடியாது. ஆண்பிள்ளையிடம் சொன்னால் போலீஸ் வரும். ஒருநாள் நிஜமாகவே ஆத்திரம் வந்து, "சைடு குடுங்க!" என்று கத்திவிட்டார். "இது தேவலாம்ணே" என்றார் பீவியம்மாள்.

நோன்பு மாதம் வந்தபோது பீவியம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "நோன்பு வச்சிக்கினு வாயால திட்டக்கூடாதுண்ணே. நீங்க திட்டுங்க, பெருநா கழிச்சு சேத்துக் குடுத்துடறேன்." எதிர்ப்பேச்சு இல்லாதவரைத் திட்ட சவரிமுத்துவுக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க மணலைத் தன் வாசலிலேயே வைத்துக்கொண்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் ரெக்ஸுக்கு இதெல்லாம் மானக்கேடு. "காம்பவுண்டு கட்டிடலாம்பா, ஊரே சிரிக்குது" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மாவின் வருஷப் பூசைக்கு வந்தவன் கல்லையே இறக்கிவிட்டான். அந்தக் கல் இன்றைக்கும் வாசலோரம் அப்படியே கிடக்கிறது. பீவியம்மாளின் கோழிகள் அதன் சந்தில் முட்டை வைக்கின்றன. சுவர் எழும்பாததற்குக் காரணம் பூசை அன்று நடந்தது.

"இன்னைக்கு ஒரு நாளாவது போவாதப்பா. ஃபாதர் சாப்பிட வர்றாரு" என்று ரெக்ஸ் கேட்டுக்கொண்டான். சவரிமுத்து தலையாட்டினார். பூசை முடிந்து பந்தலில் பந்தி நடந்தது. அவர் புதுச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் மணல் கிடந்தது. எதிரே பீவியம்மாள் துடைப்பத்தோடு நின்றார்.

"இன்னா டிரைவரண்ணே."

"இன்னைக்கு வேணாம்னு ரெக்ஸு சொல்லிட்டாம்மா."

"மேரி நாளும் அதுவுமா அதுக்குப் பேச ஆள் இல்லயா?"

சவரிமுத்து தரையைப் பார்த்தார். பீவியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டார். பிறகு மணலைத் தாண்டித் தெற்குப் பக்கம் வந்து, ஆளில்லாத தன் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"கடலு உன் ஊட்டு வாசல்லதான கொட்டுச்சு? என் ஊட்டுக்கு ஏன் தள்ற?"

அது இன்னாசிமேரியின் குரல். அதே கரகரப்பு, கடைசி வார்த்தையில் அதே இழுப்பு. பிறகு வடக்கே ஓடி நின்று தனக்குத் தானே பதில் சொன்னார். மறுபடி தெற்கே வந்து, பதில் சொன்னவளை உப்பு மூட்டை என்றார். பிரியாணி வாளியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஃபாதர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்ஸ் தடுக்க எழுந்தான். சவரிமுத்து அவன் கையைப் பிடித்தார்.

"உக்காருடா. அம்மா பேசிக்கினு இருக்குது."

சொல்லிவிட்டு அவரே எழுந்து, பந்தலைத் தாண்டி வாசலுக்கு வந்து நின்றார். பீவியம்மாள் தெற்குப் பக்கத்தில் சண்டையின் உச்சத்தில் இருந்தார். மூச்சு வாங்கத் திரும்பியவர் கண்ணில் சவரிமுத்து பட்டார். மேரியின் குரலை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை.

"நீ இன்னாத்துக்கு வெயில்ல நின்னுக்கினு? மண்ட காயும், உள்ள போ."

சவரிமுத்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.