ஆடாத ஜீப்

பாறை ஏறுவதற்கென்றே என் கணவர் சிஞ்ச்வட் பட்டறையில் தன் கையால் ஒரு ஜீப் கட்டினார். 2003 வாக்கில், கடக்வாஸ்லா பக்கம் ஒரு கற்சரிவில் அதற்குள் மாட்டிக்கொண்டேன். என் பக்கச் சக்கரம் பாறைமேல் ஏறிவிட, அவர் பக்கச் சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கியது. அவர் பின்வழியாக இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"ஹில்னா மத், அசையாதே! நீ இறங்கினா வண்டி என் மேல கவுந்துடும்."

கால் மரத்துப்போனது. தும்மல் வந்தபோது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"என்ன வண்டிங்க கட்டினீங்க? சக்கரம் கீழ இறங்கவே மாட்டேங்குது!"

அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு சக்கரம் தொப்பென்று இறங்கித் தரையைத் தொட்டது. அவர் ஒரு இரும்புக் கம்பியோடு வெளியே வந்தார்.

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். வண்டி ஆடுது, வாந்தி வருது என்று நான் படுத்தியதால், ஒரு பக்கச் சக்கரம் தனியாக ஏறி இறங்காதபடி இரண்டையும் பிணைத்து முந்தின வாரம்தான் மாட்டியிருந்தார்.

"இதனாலதான் சக்கரம் இறங்கலையா?" என்றேன்.

"ஏறுறதுக்கு முன்னாடி நான்தான் கழட்டியிருக்கணும்" என்றார்.

கம்பி இல்லாமல் வீடு வரை ஜீப் தொட்டில் மாதிரி ஆடியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ரொம்ப ஆடுதா?" என்று கேட்டார்.

"ஆடவே இல்லீங்க" என்றேன்.